வாழைக்குட்டியோடு வரும் மண்: நுரைச்சோலையிலிருந்து ஒரு சிந்தனை

நுரைச்சோலை என்ற பெயர் நாட்டு மக்களின் நினைவுக்கு வருவது பெரும்பாலும் வீடுகள் இருளில் மூழ்கும் வேளைகளில்தான். 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்றினால் ஏற்பட்டதாகக் கூறப்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. அப்போது லக்விஜய அனல் மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் செயலிழந்தன. அவை மீண்டும் இயங்கும்வரை நாட்டில் மின்வெட்டு அமுல்படுத்த வேண்டியிருந்தது. 2011 இல் முதற் கட்டமும் 2014 இல் முழுமையும் பெற்ற, 900 மெகாவோற் ஆற்றல் கொண்ட அந்த நிலையம் இயங்கும்போது யாரும் நுரைச்சோலையைப் பற்றிப் பேசுவதில்லை. நின்றுவிட்டால் எல்லோரும் பேசுகின்றனர்.

ஆனால் அந்தப் புகைபோக்கிகளின் அடிவாரத்தில் இன்னொரு நுரைச்சோலை இருக்கின்றது. அது மணலில் பயிர் செய்யும் நுரைச்சோலை. ஒருபுறம் இந்து சமுத்திரமும் மறுபுறம் புத்தளம் களப்பும் சூழ்ந்த கற்பிட்டிக் குடாநாட்டில், கையில் அள்ளினால் விரலிடுக்கால் வழிந்தோடும் மணலில், சின்ன வெங்காயமும் மிளகாயும் பீட்ரூட்டும் பூசணியும் கோவாவும் விளைவித்துக் கொழும்புச் சந்தைக்கும் தம்புள்ளைச் சந்தைக்கும் அனுப்பும் உழைப்பாளிகளின் ஊர் அது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் இக்குடாநாட்டிற்கு, 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் வந்து சேர்ந்தனர். சொந்த நிலத்தையும் தோட்டத்தையும் விட்டுவந்தவர்களில் பலர் இங்கு பிறருடைய தோட்டங்களில் கூலிக்கு வேலை செய்தே குடும்பத்தைக் காத்தனர் என்பதை அறியாதோர் இல்லை.

இந்த இரண்டாவது நுரைச்சோலையை முன்வைத்து, நமது பத்திரிகைகளிலோ பாராளுமன்றத்திலோ அதிகம் பேசப்படாத ஒரு விடயத்தை இங்கு ஆராய விரும்புகின்றோம். வாழை நடுகைப் பொருளும், அது வளர்க்கப்படும் ஊடகமுமே அவ்விடயம். இது விவசாயப் போதனாசிரியர்களுக்கு மட்டுமுரிய சிறிய தொழில்நுட்பச் சங்கதியாகத் தோன்றலாம். உண்மையில் இது ஏழைக் குடியானவனின் ஓராண்டு உழைப்பு பிழைக்குமா பாழாகுமா என்பதைத் தீர்மானிக்கும் சங்கதியாகும்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி இதனை அவசரமான விடயமாக ஆக்கியிருக்கின்றது. அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த அந்த அனர்த்தம் புத்தளம் மாவட்டத்தையும் வெள்ளத்தில் ஆழ்த்தியது. இத்தகைய வெள்ளத்திற்குப் பின் விவசாயிக்கு முதலில் தேவைப்படுவது நடுவதற்கு ஒன்று. நெல்லுக்கு விதை நெல் உண்டு. மிளகாய்க்கு விதைப் பொதி உண்டு. வாழைக்கு என்ன உண்டு? அயலூரில் வெள்ளம் புகாத யாரோ ஒருவரின் தோட்டத்திலிருந்து தோண்டியெடுக்கும் குட்டிதான் உண்டு. லொறியில் ஏற்றப்படும் அந்தக் குட்டியின் கிழங்கோடு ஒரு பிடி மண்ணும் சேர்ந்தே வருகின்றது. அந்த மண்ணுக்குள் என்ன இருக்கின்றது என்று யாரும் பார்ப்பதில்லை.

நாம் உண்ணும் வாழைப்பழத்தில் முளைக்கக்கூடிய விதை கிடையாது. தாய்மரத்தின் கிழங்கில் அரும்பும் பக்கக் கன்றே அடுத்த தலைமுறை. ஆகவேதான் வம்சம் தழைப்பதை 'வாழையடி வாழை' என்று நம் முன்னோர் சொன்னார்கள். திருமண வாசலில் குலையோடு வாழை கட்டுவதும் அதே எண்ணத்தினால்தான். ஆனால் தாயின் இனிமையும் குலையின் பருமனும் மட்டுமே வாழையடி வாழையாக வருவதில்லை. தாய்க்கு இருந்த நோயும் அப்படியே வருகின்றது. விதையினால் பெருகும் பயிர்களில் பல நோய்கள் விதையைக் கடப்பதில்லை. வாழையிலோ கன்று என்பது தாயின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டு. தாயின் சாற்றிலிருந்த வைரசும், வேரிலிருந்த வட்டப்புழுவும், கிழங்கைத் துளைத்த கூன்வண்டின் முட்டையும், மண்ணிலிருந்த பங்கசும் அதனோடு பயணம் செய்கின்றன.

இதற்கு வரலாறு பல சாட்சிகளை வைத்திருக்கின்றது. அவற்றில் ஒன்று நமது நாட்டையே சுட்டுகின்றது. இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாகத் திரண்டு, மரம் குலை தள்ளாமலே நின்றுவிடும் முடிக்கொத்து நோய் இலங்கையில் 1913 இலேயே பதிவாகியது. 1940 ஆம் ஆண்டளவில் அது கேரளத்தின் கோட்டயம் பகுதியில் தோன்றியது. இலங்கையிலிருந்து சென்ற கன்றுகளே அதற்குக் காரணமென்று இந்திய ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அங்கிருந்து பரவிய நோய் தமிழ்நாட்டின் கீழ்ப்பழனி மலைகளில் விளைந்த விருப்பாட்சி என்னும் மலைவாழையைப் பெருமளவு அழித்தது. பழனிப் பஞ்சாமிர்தத்திற்குப் பெயர்போன அந்த இனத்தை மீட்பதற்கு ஆய்வுகூடத்தில் நோயற்ற கன்றுகளை உருவாக்கி மலைக்கு மீண்டும் கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. ஒரு மண்ணிலிருந்து சென்ற சில குட்டிகள் இன்னொரு மண்ணின் பயிரையே ஆட்டங்காண வைத்த கதை இது.

பனாமா வாடல் நோயின் கதை இதனினும் கொடியது. மண்ணில் வாழும் பியூசேரியம் என்னும் பங்கசு வேர்வழி புகுந்து, மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்து, இலைகளை மஞ்சளாக்கி, தண்டைப் பிளந்து கொன்றுவிடும். மரம் செத்த பின்னும் அப்பங்கசின் வித்திகள் பல தசாப்தங்கள் மண்ணில் உறங்கியிருக்கும். மத்திய அமெரிக்காவில் உலகச் சந்தைக்கென்று வளர்க்கப்பட்ட குரோஸ் மிச்செல் இனத்தை 1960 களுக்குள் அந்நோய் ஏற்றுமதிச் சந்தையிலிருந்தே அகற்றியது. அதன் இடத்துக்கு வந்தது கவெண்டிஷ். நமது நாட்டில் மக்கள் விரும்பி அதிக விலை கொடுத்து வாங்கும் கோலிக்குட்டு இனம் அதே வாடலுக்கு எளிதில் இரையாவதால்தான் அதனைப் பெருமளவில் பயிரிட விவசாயிகள் அஞ்சுகின்றனர். கதலி அத்துணை எளிதில் வீழ்வதில்லை. எனவே சந்தையில் கதலி மலிந்தும் கோலிக்குட்டு அரிதாகியும் இருப்பதற்கு மண்ணுக்குள் இருக்கும் ஒரு பங்கசும் காரணம்.

இப்போது கவெண்டிஷையும் கொல்லும் புதிய வடிவமொன்று, வெப்பமண்டல நான்காம் இனம் என்ற பெயரில், உலகைச் சுற்றிவருகின்றது. 2013 இல் அது ஜோர்தானிலும் மொசாம்பிக்கிலும் இருப்பது அறிவிக்கப்பட்டது. 2019 இல் கொலம்பியாவையும் 2021 இல் பெருவையும் எட்டியது. நமது அயல்நாடான இந்தியாவில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கடந்த தசாப்தத்திலேயே உறுதி செய்யப்பட்டுவிட்டது. மருந்தடித்து ஒழிக்க முடியாத நோய் அது. சப்பாத்தில் ஒட்டிய சேறும் குட்டியில் ஒட்டிய மண்ணும் அதற்குப் போதிய வாகனங்களாகும்.

வெளிநாட்டு மண்ணின் விடயத்தில் நமது அரசு விழிப்பாகவே இருந்துள்ளது. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதற்குரிய அதிகாரத்தை வழங்குகின்றது. 2021 இல் இரசாயன உரத்திற்குத் திடீர்த் தடை விதிக்கப்பட்டு, சீன நிறுவனமொன்றிடமிருந்து சேதன உரம் தருவிக்க ஒப்பந்தம் செய்யப்பட்டபோது நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாதிரிகளில் தீங்கு தரும் பக்டீரியா இருப்பதாகத் தேசிய தாவரத் தனிமைப்படுத்தல் சேவை அறிவித்தது. உரக்கப்பலை உள்ளே விடவில்லை. அந்நிறுவனம் முடிவை மறுத்தது. சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கரும்பட்டியலில் சேர்த்தது. ஈற்றில் 2022 ஜனவரியில் இலங்கை 67 இலட்சம் டொலர் செலுத்தி விவகாரத்தை முடிக்க நேர்ந்தது. அந்த உரக் கொள்கை எத்துணை தவறானதென்பது வேறு விடயம். ஆயினும் நாட்டின் மண்ணுக்குள் அந்நிய நுண்ணுயிர் நுழையலாகாது என்பதற்காக ஒரு வல்லரசின் மனக்கசப்பையும் ஏற்று நின்ற அதிகாரிகளின் நிலைப்பாடு மதிக்கத்தக்கது.

அதே நாட்டிற்குள், ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு, சேறும் வேருமாக லொறி லொறியாக வாழைக்குட்டி பயணம் செய்கின்றது. அதைத் தடுத்து நிறுத்திப் பார்ப்பார் எவருமில்லை. துறைமுகத்தில் கப்பலைத் திருப்பி அனுப்பியவர்கள் நாம். தோட்டத்து வேலியில் மட்டும் வாசலைத் திறந்து வைத்திருக்கின்றோம். இம்முரண்பாடே இக்கட்டுரையின் மையக் கேள்வியாகும்.

இதற்கு மாற்று வழி இல்லாமலில்லை. நன்கு அறியப்பட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று இழைய வளர்ப்பு. நோயற்றதென்று பரிசோதித்த தாய்மரத்தின் குருத்து நுனியை ஆய்வுகூடப் போத்தலில் வளர்த்து ஆயிரக்கணக்கான கன்றுகளாகப் பெருக்குவது. தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் வாழைச் செய்கை பெருகியதில் இத்தகைய கன்றுகளுக்குப் பெரும் பங்குண்டு. இந்தியா 2006 முதல் இழைய வளர்ப்புக் கன்றுகளுக்கென்றே தேசிய சான்றளிப்பு முறையொன்றை நடத்திவருகின்றது. இலங்கையிலும் அரச ஆய்வுகூடங்களும் தனியார் நிறுவனங்களும் இம்முறையில் வாழைக் கன்று உற்பத்தி செய்கின்றன. ஆனால் ஆய்வுகூடம் கட்டப் பணம் வேண்டும், பயிற்சி பெற்றோர் வேண்டும், கன்றின் விலையும் உயரும். கற்பிட்டியின் சிறு விவசாயியால் அந்த விலையை எப்போதும் கொடுக்க முடியாது.

இரண்டாவது வழி அவ்வளவு பிரசித்தமில்லாதது. ஆபிரிக்காவின் கமரூனில் உள்ள வாழை ஆய்வு நிலையத்தில் வளர்த்தெடுக்கப்பட்டு, பின்னர் திருச்சிராப்பள்ளியில் 1993 இல் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தினால் நமது சூழலுக்கு ஏற்பச் செம்மைப்படுத்தப்பட்ட முறை அது. நோயற்ற தோட்டத்தில் எடுத்த ஈட்டி இலைக் குட்டியின் வேர்களை நீக்கிக் கழுவி, வெள்ளைச் சதை தெரியும்வரை கிழங்கைச் சீவுகின்றனர். மடல்களை ஒவ்வொன்றாக உரித்து, ஒவ்வொரு மடலின் அடியிலும் உறங்கும் பக்க அரும்புகளை வெளிக்கொணர்கின்றனர். நடுக் குருத்தைத் தோண்டியகற்றி, அவ்விடத்தில் குறுக்காகக் கீறுகின்றனர். தலைமை தாங்கிய குருத்து போனதும் அதுவரை அடங்கிக் கிடந்த அரும்புகள் விழித்தெழுகின்றன. கிழங்கை ஈரமான மரத்தூளிலோ தும்புத்தூளிலோ புதைத்து, பொலித்தீன் கூடாரத்தால் மூடி நிழலில் வைத்தால் மூன்று நான்கு வாரங்களில் முளைகள் வெளிவருகின்றன. அம்முளைகளையும் அவ்வாறே கீறினால் மேலும் முளைகள் கிளைக்கின்றன. சில மாதங்களில் ஒரு கிழங்கிலிருந்து இருபது முதல் ஐம்பது வரையான கன்றுகளைப் பெறலாம். தோட்டத்தில் அதே கிழங்கு அக்காலத்தில் தரக்கூடியது நான்கைந்து குட்டிகள் மட்டுமே. இதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. கூரிய கத்தி, நிழல், தண்ணீர், பொறுமை ஆகியவற்றோடு நல்ல வளர்ப்பு ஊடகமும் இருந்தாற் போதும்.

இரண்டு வழிகளுக்கும் பொதுவாக வேண்டப்படுவது அந்த ஊடகமே. போத்தலிலிருந்து வெளிவரும் மெல்லிய கன்றும் சரி, கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த இளங்கன்றும் சரி, வயலுக்குப் போகுமுன் ஆறு முதல் எட்டு வாரங்கள் நாற்றுமேடையில் பழக்கப்பட வேண்டும். அக்காலத்தில் வேர் எதில் ஓடுகின்றது என்பதே கன்றின் தலைவிதியை எழுதுகின்றது. ஊடகம் நீரைப் பிடித்துவைக்க வேண்டும், ஆனால் வேரை அழுகவிடக்கூடாது. காற்று புக வேண்டும். உப்பு மிகக் குறைவாக இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, அதில் நோய்க் கிருமி இருக்கலாகாது. நமது நாற்றுமேடைகளில் வழமையாக நிரப்பப்படுவது மேல்மண்ணும் மணலும் மாட்டெருவும் சமபங்கில் கலந்த கலவை. அந்த மேல்மண் எங்கிருந்தோ வெட்டி வந்த மண். ஆய்வுகூடத்தில் ஆயிரம் பாதுகாப்போடு நோயற்றதாக உருவாக்கிய கன்றை அத்தகைய மண்ணில் நட்டால், முதல் மாதத்திலேயே வட்டப்புழுவுக்கும் பங்கசுக்கும் விருந்தாக்கியதாகிவிடும். குளிப்பாட்டிய குழந்தையைச் சேற்றில் உட்கார வைப்பதற்கு இது ஒப்பாகும்.

புத்தளம் மாவட்டத்தின் செல்வம் இங்குதான் கணக்கில் வருகின்றது. குருநாகல், கம்பஹா மாவட்டங்களோடு சேர்ந்து தென்னை முக்கோணத்தின் ஒரு முனையாக விளங்கும் மாவட்டம் இது. தேங்காய் மட்டையை அடித்துத் தும்பைப் பிரித்தெடுத்தால் எஞ்சுவது தூள். மட்டையின் நிறையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டிய அளவு இந்தத் தூளேயாகும். தும்புச்சோறு என்றும் மக்கள் இதனை அழைப்பர். ஒரு காலத்தில் தும்பாலைகளின் பின்புறத்தில் குன்றுகளாகக் குவிந்து, யாருக்கும் வேண்டாத கழிவாகக் கிடந்த பொருள் இது. இன்றோ கழுவி, உலர்த்தி, கட்டிகளாக அழுத்தி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கிழக்காசியாவுக்கும் ஏற்றுமதி செய்யப்படுகின்றது. சதுப்பு நிலங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் உருவாகும் பீற் என்னும் கரிமண்ணைத் தோண்டுவது சுற்றாடலுக்குக் கேடு என்று ஐரோப்பிய நாடுகள் உணரத் தொடங்கியபின், அதற்கு மாற்றாகத் தென்னந்தூளுக்குக் கேள்வி பெருகியது. இதனை உலகுக்கு வழங்குவதில் இந்தியாவும் இலங்கையுமே முன்னணியில் நிற்கின்றன. ஒல்லாந்தின் கண்ணாடி மனைகளில் தக்காளியும் ஸ்ரோபெரியும் நமது மட்டைத்தூளில் வேரூன்றுகின்றன. நமது வாழைக்கன்றோ இன்னும் யாருடையதோ தோட்டத்து மண்ணோடு ஊர் ஊராகச் செல்கின்றது. இதனை விந்தை என்பதா, வேதனை என்பதா?

தும்புத்தூளின் குணங்கள் வாழைக்கன்றுக்குப் பொருத்தமானவை. தன் நிறையைப் போல் ஆறு முதல் எட்டு மடங்கு நீரை அது தாங்கி நிற்கும். அதேவேளை இடைவெளிகளில் காற்றும் நிற்கும். ஆழ்மண்ணில் கிடக்கும் நோய்ப் பங்கசுகளோடு அதற்குத் தொடர்பில்லை. இலேசானதாதலால் கன்றுகளை லொறியில் ஏற்றி இறக்குவதும் எளிது. எனினும் ஆலையிலிருந்து வரும் பச்சைத் தூளை அப்படியே பையில் நிரப்புவது தவறாகும். அதில் பொட்டாசியம், சோடியம் உப்புக்களும் துவர்ப்புப் பொருட்களும் உள்ளன. களப்பு நீரில் ஊறவைத்த மட்டையின் தூளில் உப்பு இன்னும் அதிகம். நல்ல நீரில் பலமுறை கழுவ வேண்டும். முடிந்தால் கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஊறவைத்துப் பின்னர் மீண்டும் கழுவ வேண்டும். கல்சியம் ஏறும்போது சோடியம் இறங்கிவிடும். கழுவிய தூளை ஈரமாகப் பரப்பி, ஒளி ஊடுருவும் பொலித்தீனால் மூடி நான்கு முதல் ஆறு வாரங்கள் வெயிலில் விட்டால் சூரிய வெப்பமே எஞ்சிய கிருமிகளையும் களை விதைகளையும் பெரும்பாலும் அழித்துவிடும். புத்தளத்து வெயிலுக்கு இதற்காக யாரும் கட்டணம் கேட்கப் போவதில்லை.

தூளில் ஊட்டம் மிகக் குறைவு என்பதும் நினைவில் இருக்க வேண்டும். கிழங்கு முளைக்கும் முதற் கட்டத்தில் அது ஒரு குறையன்று. முளைக்கு வேண்டிய உணவு கிழங்குக்குள்ளேயே உண்டு. பைக்கு மாற்றிய பின்னரோ உக்கிய எருவும் சிறிது மணலும் சேர்க்க வேண்டும். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், சிப்பிக் காளான் வித்தையும் சிறிது யூரியாவையும் அடுக்கடுக்காகச் சேர்த்து நார்க்கழிவை எருவாக்கும் முறையொன்றை நெடுங்காலமாகப் பரப்பி வருகின்றது. அதன்மூலம் கழிவிலுள்ள காபன்–நைதரசன் விகிதம் 112க்கு 1 என்ற நிலையிலிருந்து 24க்கு 1 என்ற அளவுக்கு இறங்குகின்றது. பாக்கு நீரிணைக்கு அப்பால் பல தசாப்தங்களாக வழக்கிலுள்ள அறிவு இது. இப்பால் வருவதற்குக் கடவுச்சீட்டு தேவையில்லை.

இதன் அளவை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். மூன்று மீற்றருக்கு மூன்று மீற்றர் இடைவெளியில் நட்டால் ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 450 வாழைகள் வேண்டும். ஒரு கிழங்கு இருபது கன்றுகள் மட்டுமே தருகின்றதென்று குறைத்து மதிப்பிட்டாலும் 23 நல்ல கிழங்குகள் போதும். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு லீற்றர் கொள்ளளவுள்ள பை என்றால் 450 லீற்றர் ஊடகம் தேவை. அழுத்திய ஐந்து கிலோ தும்புத்தூள் கட்டியொன்று நீரூற்றினால் ஏறத்தாழ 70 லீற்றராக விரியும். ஆகவே ஓர் ஏக்கர் வாழைக்கு வேண்டிய ஊடகம் ஆறேழு கட்டிகளில் அடங்கிவிடும். ஏற்றுமதிக்கென்று கொள்கலன்களில் செல்லும் சரக்கோடு ஒப்பிட்டால் இது கைப்பிடியளவு கூட ஆகாது. வளம் போதாமையினால் நமது விவசாயி அழுக்கு மண்ணில் நடவில்லை. வளத்தையும் விவசாயியையும் இணைப்பார் இல்லாமையே காரணம்.

நுரைச்சோலையை இதற்கு ஏன் எண்ணுகின்றோம்? வாழை அங்கு முதற் பயிரன்று என்பது உண்மையே. தென்மேற்குப் பருவக்காற்று உக்கிரமாக வீசும் அக்கரையில் குலைதாங்கிய வாழைத் தோப்பு வளர்ப்பது எளிதுமன்று. ஆனால் நாற்றுமேடைக்குத் தோப்பு தேவையில்லை. தென்னோலை மறைப்புக்குள் கால் ஏக்கர் நிலம் போதும். தூள் அருகிலேயே கிடைக்கின்றது. ஆண்டின் பெரும்பகுதி வெயில் உண்டு. மணலில் செடி வளர்த்துப் பழகிய கைகள் உண்டு. எந்த நேரம் எவ்வளவு நீர் பாய்ச்சுவது என்பதில் கற்பிட்டி விவசாயிக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. நிலமில்லாமல் கூலிக்குப் போகும் குடும்பங்களுக்கும், குறிப்பாக வீட்டு வளவுக்குள்ளேயே வேலை தேடும் பெண்களுக்கும், ஒரு கூடாரமும் நூறு கிழங்கும் நிலம் வேண்டாத ஒரு தொழிலாக அமையலாம். முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பிறர் நிலத்தில் உழைத்தவர்களுக்கு இது சிறிய விடயமன்று.

அதேவேளை இவ்வூரின் எல்லைகளையும் மறைக்கக் கூடாது. குடாநாட்டின் நன்னீர், மணலுக்கடியில் உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படலமாகவே இருக்கின்றது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு ஏறும். மிதமிஞ்சிய உரப் பாவனையினால் இங்குள்ள கிணறுகள் சிலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே தூளைக் கழுவும் வேலையைக் குடாநாட்டின் கிணற்று நீரில் செய்வது அறிவுடைமையாகாது. உள்நாட்டு ஆலைகளில் கழுவிய தூளையே கொண்டுவர வேண்டும், அல்லது மழைநீரைச் சேமிக்க வேண்டும். அனல் மின்நிலையத்தின் சாம்பல் கிடைக்கின்றதே, அதனை ஊடகத்தில் கலந்தால் என்ன என்ற யோசனையும் சிலருக்குத் தோன்றலாம். நிலக்கரிச் சாம்பலில் பார உலோகங்கள் இருக்கக்கூடும். சீமெந்துக்கு ஏற்றது என்பதனால் அது உணவுப் பயிருக்கும் ஏற்றதாகிவிடாது. முறையான பரிசோதனையின்றி அதில் கைவைக்கலாகாது.

இன்னுமொரு முக்கிய எச்சரிக்கை உண்டு. தூய ஊடகம் நோயைத் தடுக்கும். ஏற்கனவே உள்ள நோயைக் குணப்படுத்தாது. முடிக்கொத்து வைரஸ் உள்ள கிழங்கை எத்துணை சுத்தமான தூளில் புதைத்தாலும் வெளிவரும் ஐம்பது கன்றும் நோயுள்ள கன்றாகவே இருக்கும். பெருக்கும் முறை எதுவோ அது நோயையும் சேர்த்தே பெருக்கும். ஆகவே தாய்க் கிழங்கு எங்கிருந்து வருகின்றது என்பதே முதற் கேள்வி. பரிசோதித்த இழைய வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டு அரசு சில தாய்த்தோட்டங்களை அமைத்து, அங்கிருந்து மட்டும் கிழங்குகளை நாற்றுமேடைகளுக்கு வழங்குவதே சரியான ஒழுங்காகும். ஆய்வுகூடம் தாயைத் தரட்டும், கிராமம் பிள்ளைகளைப் பெருக்கட்டும். ஆய்வுகூடக் கன்று விலை கூடியது என்ற முறைப்பாட்டுக்கும் இதுவே விடையாகும்.

புதிய சட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை. 2003 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க விதைச் சட்டம் ஏற்கனவே இருக்கின்றது. வாழைக்கன்று உற்பத்தி செய்வோரையும் விற்போரையும் பதிவு செய்து, பதிவுபெற்ற நாற்றுமேடையின் ஊடகத்தையும் கன்றையும் ஆண்டுக்கு இருமுறையாவது விவசாயத் திணைக்களம் பரிசோதித்துச் சான்று வழங்கலாம். வெள்ள நிவாரணமாகக் கன்று வழங்கும் நிறுவனங்களும் பள்ளிவாசல், கோயில், தேவாலயச் சங்கங்களும் சான்றுபெற்ற கன்றையே வாங்குவதென்று உறுதி பூண்டால் அதுவே நல்ல நாற்றுமேடைகளுக்கு நிச்சயமான சந்தையாகிவிடும். கமநல சேவை நிலையங்கள் ஊடகம் தயாரிக்கும் முறையைத் தமிழிலும் சிங்களத்திலும் செய்முறையாகக் காட்ட வேண்டும். துண்டுப்பிரசுரம் அச்சிட்டு அலுமாரியில் வைப்பது போதாது.

கன்று கிடைக்கும்வரை குட்டியையே நாட வேண்டிய விவசாயிக்கும் செய்யக்கூடியது உண்டு. குட்டியை அதே தோட்டத்தில் வைத்தே மண் நீங்கக் கழுவி, வேர்களை வெட்டி, கிழங்கின் மேற்றோலை வெள்ளை தெரியும்வரை சீவ வேண்டும். சிவப்புக் கறையோ துளையோ கண்டால் அக்கிழங்கை ஒதுக்கிவிட வேண்டும். சீவிய கிழங்கைக் கொதிநீரில் முப்பது விநாடி மட்டும் அமிழ்த்தி எடுக்கும் எளிய முறையொன்றை ஆபிரிக்காவில் இயங்கும் சர்வதேச வெப்பமண்டல விவசாய நிறுவனம் பரப்பி வருகின்றது. வட்டப்புழுவையும் கூன்வண்டு முட்டையையும் பெருமளவு கொல்ல அது உதவுகின்றது. வைரசுக்கும் வாடல் பங்கசுக்கும் அது மருந்தாகாது. ஆனால் ஒரு பானை வெந்நீர் எந்த வீட்டிலும் உண்டு.

வாழை பெரிய அரசியல் எதுவுமில்லாத பயிர். நோன்பு காலத்து இப்தார் தட்டிலும் தைப்பொங்கல் முற்றத்திலும் நோயாளியின் கட்டிலருகிலும் அது ஒன்றுபோல் இடம்பெறுகின்றது. எந்தச் சமூகத்தின் தோட்டத்தில் நோய் தொடங்கினாலும் அடுத்த சமூகத்தின் வேலியில் அது நின்றுவிடப் போவதில்லை. முடிக்கொத்து நோயைச் சுமக்கும் அழுக்கணவன் பூச்சி அடையாள அட்டை பார்ப்பதில்லை. புத்தளத்தில் ஒருவர் சுத்தமான கன்றை நட்டால் அதன் பயன் அயலவர் அனைவருக்கும் உரியது. ஒருவர் அசட்டையாக இருந்தால் அதன் கேடும் அவ்வாறே.

நாட்டுக்கு ஒளி தருவதற்காகத் தன் கரையையும் காற்றையும் விட்டுக்கொடுத்த ஊர் நுரைச்சோலை. அந்த ஊருக்கு நாடு திருப்பித் தந்தது மிகக் குறைவு. கழுவிய தும்புத்தூளும், சோதித்த சில தாய்க் கிழங்குகளும், ஒரு விவசாயப் போதனாசிரியரின் வாரமொருமுறை வருகையும் பெரிய வேண்டுதல்கள் அல்ல. அடுத்த பருவ மழைக்கு முன் கற்பிட்டிப் பிரதேச செயலகப் பிரிவில் சில நாற்றுமேடைகளையாவது பரீட்சார்த்தமாகத் தொடங்க விவசாயத் திணைக்களம் முன்வர வேண்டும். அடுத்த வெள்ளம் வரும்போது நமது விவசாயி மீண்டும் முன்பின் அறியாத தோட்டத்தின் வேலியோரம் மண்வெட்டியோடு நிற்கும் நிலை ஏற்படக் கூடாது.